மாப்பிள்ளைக் கலவை

என் மாமாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அடுப்பில் பாத்திரத்தை ஏற்றிவிட்டு ரேடியோப் பக்கம் போய்விடுவார். தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகி, அம்மா போடும் கூச்சலில்தான் திரும்பி வருவார். இந்த மனிதரைத்தான் எங்கள் தெருவும், அவர் வேலை பார்த்த இடத்து மேலாளரும், லாரி ஓட்டுநர்களும் சமையல்காரர் என்று கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்குக்கூட யாரென்று தெரியாது.

அவர் சமைத்துப் போட்டது உலைக்கு. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு நீண்ட மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் கழிவு எரிக்கும் உலைக்கூடம். சாக்கடையில் விடக்கூடாத, மண்ணில் புதைக்கக்கூடாத கழிவையெல்லாம் தொழிற்சாலைகள் டிரம்மில் அடைத்து இங்கே அனுப்பும். பெயின்ட் கசடு, மருந்துக் கம்பெனியில் வீணாய்ப்போன திரவங்கள், பூச்சிமருந்துத் தொட்டியின் அடிவண்டல், பேட்டரித் தொழிற்சாலைச் சேறு, உடைந்த டியூப்லைட்டின் தூள். உலகம் தலைமுழுகியது எல்லாம் எங்கள் தெருக்கோடிக்கு வந்து சேரும்.

வந்ததை வந்தபடி உலைக்குள் தள்ள முடியாது. சில டிரம் நெருப்பைக் கண்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். சிலது பாதிக்குமேல் தண்ணீர், இருக்கிற நெருப்பையும் அணைத்துவிடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் உலை தானாகவே வாயை மூடிக்கொள்ளும். ரொம்பத் திணறினால் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர மூடி திறந்து, வடிகட்டாத புகை நேராக வானத்துக்குப் போகும். வானத்துக்கு என்றால் எங்கள் மாடிக்கு.

அதனால்தான் ஒரு கலவைக்காரர் வேண்டும். மாமா ஒவ்வொரு டிரம்மிலும் நீளமான கண்ணாடிக் குழாயை அடிவரை விட்டு, கட்டைவிரலால் மேல்முனையை அடைத்து, உறிஞ்சி வந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு கரண்டியளவு தகரத் தட்டில் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பார். பிறகு கெட்டியானதோடு நீர்த்ததையும், முரட்டுச் சரக்கோடு சாதுவானதையும் சேர்த்துப் பெரிய தொட்டியில் கலக்கி உலைக்கு அனுப்புவார். கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசை டிரம் தனியாக நிற்கும். அதற்கு மூதேவி வரிசை என்று பெயர். பாதரசமும் ஈயமும் குளோரினும் நிறைந்தவை அவை. அவற்றை ஊறுகாய் தொட்டுக்கொள்வதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலவையில் சேர்ப்பார். தான் கலந்த நாளில் உலை ஒரு விக்கல்கூட எடுக்காது என்பதில் அவருக்குப் பெருமை. நானும் அம்மாவும் அந்தப் பெருமையைக் கிண்டல் செய்துகொண்டேதான் இருந்தோம்.

அம்மா அவருக்கு ஒரே அக்கா. தாய் தகப்பன் போனபிறகு பத்து வயதுத் தம்பியை வளர்த்தது அவள்தான். என் அப்பாவும் சீக்கிரமே போய்விட, மாமா எங்கள் மாடியறைக்கு வந்தார், அப்படியே தங்கிவிட்டார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பொண்ணு குடுக்க வந்தவங்க என் சட்டையை மோந்து பாத்துட்டு ஓடிட்டாங்க" என்பார். பாதி விளையாட்டு, பாதி உண்மை. அவர் துணியை எங்கள் துணியோடு போட்டு அம்மா ஒருநாளும் துவைத்ததில்லை.

முன்னறையில் இரண்டு தையல் மிஷின். ஒன்று அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. பள்ளிக்கூடச் சீருடைதான் எங்கள் பிழைப்பு. நீலப் பாவாடை, காக்கிக் கால்சட்டை எதுவானாலும் தைப்போம். வெள்ளைச் சட்டை என்றால் மட்டும் சன்னலைச் சாத்திவிட்டு, விசிறியையும் அணைத்துவிட்டுத்தான் துணியை விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் காலரில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக வந்து உட்காரும். தட்டினால் போகாது, தேய்த்தால் இழுத்துக்கொண்டு கோடாகும். ஒரு பள்ளிக்கூடத்தில் மொத்த உருப்படியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா வெள்ளை தைப்பதையே விட்டுவிட்டாள்.

மாலையில் மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா மிஷினை நிறுத்தாமல் கேட்பாள்.

"என்னடா, இன்னிக்கு என்ன சமையல்?"

"இன்னிக்குப் பெயின்ட்டுக் கூட்டு, மருந்துக் குழம்பு. மேலாப்புல கொஞ்சம் பூச்சிமருந்து தாளிச்சேன்."

"உங்க உலை குடுத்து வச்சது. இங்க எனக்கு ஒரு டீ போட்டுக் குடுக்க நாதியில்ல."

இது தினமும் நடக்கும். ஒரு வார்த்தை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அம்மாவின் இருமல் பெரிதானபிறகும் இந்தப் பேச்சு நிற்கவில்லை. அவள் கேட்டுவிட்டு இருமி முடிக்கும்வரை மாமா காத்திருப்பார்.

இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் வந்தது. பிறகு மிஷினின் மிதியை மிதித்தாலே வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, இந்த இடத்தைவிட்டுப் போய்விடுங்கள் என்றார். எங்கே போவது? எங்கள் தெருவில் வீட்டை வாங்க யார் வருவார்கள்? வீடு பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். சீக்கிரம் காற்று சுத்தமானால் நுரையீரலில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

காற்றை அளக்க ஆட்கள் வராமல் இல்லை. சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து அவ்வப்போது வருவார்கள். வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். புகைபோக்கிமேல் ஏறி, நடுவயிற்றில் இருக்கும் ஓட்டைக்குள் நீளக் குழாயைச் செருகிப் புகையை உறிஞ்சி எடுத்துப் போவார்கள். அந்த நாளுக்கென்று மாமா ஒரு தனிக் கலவை வைத்திருந்தார். நல்ல சரக்காக வருகிற டிரம்களை முன்னாலிருந்தே ஒதுக்கிச் சேர்த்துவைப்பார். பிசிறில்லாத, பளிங்குபோன்ற திரவங்கள். மூதேவி வரிசைக்கு அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். புகையை வடிகட்டும் பைகள் எல்லாம் புதிதாக மாறும். சுண்ணாம்புத்தூளும் கரித்தூளும் அள்ளி அள்ளிக் கொட்டப்படும். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் நடக்கிற கவனிப்பு. உலைக்கூடத்தில் அதற்கு மாப்பிள்ளைக் கலவை என்றே பெயர்.

மாப்பிள்ளை போனதும் பழைய குருடி கதவைத் திறடி. பைகள் கிழியும், மாற்ற மாட்டார்கள். சுண்ணாம்பு பாதியாகும். எங்கள் சன்னல் மறுபடி சாத்திக்கொள்ளும். மாமாவிடம் நான் ஒருமுறை கத்தினேன்: "நல்ல சரக்கைச் சேத்து வச்சுக் காட்டுறீங்களே, அதை எங்களுக்குப் போடக்கூடாதா?" அவர் முகம் சுருங்கிப்போனது. "எனக்கு மேல நாலு பேரு இருக்காங்க பொண்ணே" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்பதைப் பார்க்காத அளவுக்கு நான் கோபத்தில் இருந்தேன்.

எங்கள் ஊரைப்போலப் பல ஊர்களில் உலைகள் இருந்தன. எல்லா ஊர்க்காரர்களும் மனு கொடுத்து, மறியல் செய்து, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் அரசாங்கம் புது விதி கொண்டுவந்தது. அதற்கு முன் அதிகாரிகள் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்ட ஒரு கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து அம்மாவும் போயிருந்தாள். ஒருநாள் முழுக்க மாடியில் காயப்போட்ட வெள்ளைத்துணி ஒன்றை எடுத்துப்போய் மேசையில் விரித்தாள். பேசத்தான் நினைத்திருந்தாள், இருமல் விடவில்லை. துணியே பேசிவிட்டது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

விதி வந்தபோது தெருவே கொண்டாடியது. புகையில் எந்த விஷம் எவ்வளவுக்குமேல் இருக்கக்கூடாது என்று இப்போது எண் போட்டுவிட்டார்கள். எல்லா உலைகளும் புதிதாக ஒரு பெரிய சோதனையில் தேறவேண்டும். தேறாத உலையை அணைத்துவிட வேண்டும். நாங்கள் காதில் வாங்கியது அவ்வளவுதான். விதி தலையணைப் பருமனில் இருந்தது. தேறாவிட்டால் மூடவேண்டும் என்ற பக்கத்தைத் தெரு படித்தது. தேறியே ஆகவேண்டும் என்ற பக்கத்தை மேலாளர் படித்தார். மற்ற பக்கங்களை யாரும் புரட்டவில்லை.

மேலாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். மாமாவைக் கூப்பிட்டு, "சமையல்காரரே, இந்தத் தடவை வர்றது சாதாரண மாப்பிள்ளை இல்ல. இருக்கறதுலயே நல்லதாப் பாத்து எடுத்து வைங்க. ஒரு குறை இருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். மாமா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

சோதனைக்கு முந்தைய நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமான கேள்வியை அம்மா கேட்டாள். அவர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, சிந்திக்கிடந்த நூல்களைப் பொறுக்கி விரலில் சுற்றினார்.

"அக்கா, நாளைக்கு நான் மாப்பிள்ளைக் கலவை போடப் போறதில்ல."

அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"மூதேவி வரிசையை எடுத்துக் கலக்கப் போறேன். மொத்தத்தையும். பாதரசம், ஈயம், எல்லாம். புதுப் பையாவது பழைய பையாவது, அந்தச் சரக்குக்கு எதுவும் தாங்காது. புகையில அப்படியே காட்டிக் குடுத்துரும். தேறலேன்னா மூடியே ஆகணும்னு விதியில இருக்குல்ல."

"உன் வேலை?"

"போகும்."

எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று தெரியவில்லை. அம்மா மடியில் கிடந்த துணியை எடுத்து மிஷின்மேல் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"இத்தனை வருஷமா உப்பில்லாமச் சமைச்சே. நாளைக்கு ஒருநாள் உப்புப் போட்டுச் சமைடா."

மாமா சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எழுந்து போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். பக்கத்திலேயே நின்று, கொதிக்கும்வரை நகராமல் இருந்து, எங்கள் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நாங்கள் அப்படியே குடித்தோம்.

மறுநாள் காலையில் அம்மா சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புகைபோக்கியையே பார்த்தபடி இருந்தாள். கறுப்பாகவோ மஞ்சளாகவோ ஏதாவது வரும், அவசர மூடி திறக்கும், சங்கு ஊதும் என்று எதிர்பார்த்தோம். மேலே நடுவயிற்றுப் பலகையில் மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள் நின்றுகொண்டு குழாயைச் செருகுவதும் உருவுவதும் தெரிந்தது. புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. சாயந்திரம்வரை வெள்ளைதான். அன்றைக்கு முழுவதும் அம்மா வழக்கத்தைவிடக் குறைவாகவே இருமினாள். அதுவே எங்களுக்குக் கலக்கமாக இருந்தது.

மாமா வந்து சொன்னது இது. சோதனை ஆட்கள் இந்தத் தடவை புகையை மட்டும் எடுக்கவில்லை. தொட்டியிலிருந்து உலைக்குப் போகும் கலவையையும் கொஞ்ச நேரத்துக்கொருமுறை பாட்டிலில் பிடித்துத் தரச் சொன்னார்கள். முன்பெல்லாம் இப்படிக் கேட்டதே இல்லை. மாமாவுக்கு ஒரே ஆனந்தம். தொட்டியை நன்றாகக் கலக்கி, அடியிலிருந்து கனமான வண்டல் ஏறிவரும்படி பார்த்து, ஒவ்வொரு பாட்டிலையும் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தாராம். "புகை பொய் சொன்னாலும் பாட்டில் பொய் சொல்லாது அக்கா. என்னத்தை எரிச்சோம்னு உள்ளங்கை நெல்லிக்கனியாத் தெரிஞ்சுரும்" என்றார்.

முடிவு வர நாளானது. அதுவரை மாமா தினமும் வேலைக்குப் போய்வந்தார். கூப்பிட்டுச் சீட்டைக் கிழிப்பார்கள் என்று தன் அலமாரியைக்கூடக் காலி செய்து வைத்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் முடிவைப் பொதுமக்கள் முன்னால் சொல்வதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தெருவே போயிற்று. அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனோம். அவளை முன்வரிசை ஓரத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தேன். மாமா எங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். மேடையில் ஒரு பெண் அதிகாரி. என் வயதிருக்கும். கரகரத்த தொண்டையோடு, ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பாதரசம், வரம்புக்குள். ஈயம், வரம்புக்குள். தூசி, வரம்புக்குள். ஒவ்வொன்றாக எல்லாமே வரம்புக்குள். உலை தேறிவிட்டது.

தெருக்காரர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். ஏமாற்று, மாப்பிள்ளைக் கலவை என்று கூச்சல். அப்போதுதான் மாமா முன்னால் நடந்துவந்தார். அத்தனை பேர் முன்னால் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"மேடம், நான்தான் அங்க கலவைக்காரன். இவங்க சொல்ற மாதிரி நான் நல்ல சரக்குப் போடல. அன்னிக்கு வேணும்னே மோசமானதைப் போட்டேன். இருக்கறதுலயே மோசமானது. அது எப்படி மேடம் தேறும்? பாட்டில் குடுத்தேனே, அதைப் பாத்தீங்களா?"

முன்வரிசையில் இருந்த மேலாளர் முகம் வெளுத்தது. அதிகாரி காகிதங்களைப் புரட்டினார்.

"பாத்தோம். நீங்க சொல்றது சரிதான். உள்ள போன சரக்குல பாதரசமும் ஈயமும் ரொம்ப அதிகம். நாங்களே ஆச்சரியப்பட்டோம். ஆனா பை புதுசு, சுண்ணாம்பும் கரித்தூளும் நிறைய விழுந்திருக்கு, உலையையும் மெதுவா ஓட்டியிருக்காங்க. எல்லாத்தையும் பிடிச்சுக்கிச்சு. வெளிய வந்த அளவு வரம்புக்குள்ளதான் இருக்கு."

"அது அன்னிக்கு ஒருநாள் மேடம். நான் எல்லாரையும் மாட்டிவிடத்தான் அப்படிப் பண்ணேன்."

"ஐயா, நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. விதியே அப்படித்தான் கேக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் முன்னால் ஒலிபெருக்கி இருந்தது. "எது மோசமோ அதைப் போட்டுத்தான் தேறிக் காட்டணும். சோதனையில எவ்வளவு மோசமான சரக்கைப் போட்டுத் தேறுறாங்களோ, அதுதான் இனிமே அவங்களோட உச்சவரம்பு. அதுவரைக்கும் தினமும் எரிக்க அனுமதி உண்டு."

மாமா மேடையை ஒட்டிப் போய் நின்றார். அவர் கேட்ட அடுத்த கேள்வியை அவர் கேட்காமலே இருந்திருக்கலாம். ஆனால் யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"நான் நல்ல சரக்கைப் போட்டிருந்தா?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல சரக்கு மட்டும்தான் எரிக்கலாம்னு ஆகியிருக்கும். மத்ததை எரிக்க முடியாது. திருப்பித்தான் அனுப்பணும்."

இத்தனை வருடம் ஊரை ஏமாற்றிய மாப்பிள்ளைக் கலவையை இன்னும் ஒரேஒருமுறை, மேலாளர் சொன்னபடியே போட்டிருந்தால் எங்கள் தெரு பிழைத்திருக்கும். அந்தக் கலவையே உலைக்குப் பூட்டாகியிருக்கும். மேலாளருக்கும் அது தெரியாது, மாமாவுக்கும் தெரியாது, உப்புப் போட்டுச் சமைடா என்று சொன்ன அம்மாவுக்கும் தெரியாது. நான் மேலாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்த முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது. அந்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டையை அவர் வாயிலேயே திணித்துவிடலாம் போல எனக்கு இருந்தது.

பைகளை ஒழுங்காக மாற்றவேண்டும், சுண்ணாம்பு அன்றுபோலவே விழவேண்டும் என்றும் விதியில் இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். இருக்கத்தான் இருக்கிறது. சுண்ணாம்பை அளக்கும் கருவி அடிக்கடி பழுதாகும். பழுதைச் சரிசெய்ய அவகாசம் கேட்டு எழுதினால் அவகாசம் கிடைக்கும். பையைப் பார்க்க வருகிறவர்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். அந்தப் பெண்ணை நான் திட்ட மாட்டேன். திரும்பிப் போகும்போது அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் கையை விலக்கிக்கொள்ளவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

மாமாவை வேலையைவிட்டு எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்து, நம்முடைய கலவைக்காரரின் முன்யோசனையால் மற்ற எந்த உலைக்கும் கிடைக்காத வரம்பு நமக்குக் கிடைத்திருக்கிறது என்று பேசினார். ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு. மாமா அதை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. வழியில் எங்கே போட்டார் என்று நாங்கள் கேட்கவுமில்லை. கொட்டகையில் கூட வேலைபார்த்தவர்கள் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். தெருவில் பாதிப்பேர் அவர் பணம் வாங்கிக்கொண்டு செய்ததாகப் பேசினார்கள். கூட்டத்தில் எழுந்து பேசியதுகூட நாடகம் என்றார்கள். பொட்டிக்கடைக்காரர் அவருக்குத் தீப்பெட்டி கொடுக்க மறுத்தார். நான் போய்ச் சண்டை போட்டேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "விடு. அவரு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "நான் விட்டா வேற ஒருத்தன் வருவான். அவன் அவசர மூடியைத் திறக்க விட்டுருவான். நான் இருந்தா உலை விக்காது, அதாவது மிச்சம்" என்றார். முதலில் வரம்புக்குக் கீழேயே கலந்து பார்த்தார். முரட்டுச் சரக்கை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். ஆனால் இங்கே வரம்பு பெரிது என்று தெரிந்ததும், மற்ற ஊர் உலைகள் எரிக்க முடியாமல் திருப்பி அனுப்பிய டிரம்மெல்லாம் இங்கே வர ஆரம்பித்தன. அந்த ஊர்க் கலவைக்காரர்கள் எல்லாம் பயந்துகொண்டு வழக்கமான மாப்பிள்ளைக் கலவையையே போட்டிருந்தார்கள். அங்கெல்லாம் காற்று தெளிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். அங்கே தெளிந்தது இங்கே லாரி லாரியாக வந்து நின்றது. மூதேவி வரிசை கொட்டகைக்குள் அடங்காமல் மதிலோரம்வரை வந்துவிட்டது. வரம்புக்குக் கீழே கலக்க இடமும் இல்லை, சாதுவான சரக்கும் இல்லை.

மாமாவின் தலை அந்த ஒரு வருடத்தில் நரைத்துவிட்டது. ரேடியோ போடுவதை விட்டுவிட்டார். காலையில் எழுந்து அம்மாவுக்கு வெந்நீர் வைப்பார். இப்போதெல்லாம் பாத்திரம் கருகுவதில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பழையபடி பத்துப் பாத்திரத்தைக் கருக்கினாலும் தேவலை என்று தோன்றியது.

அம்மாவின் மிஷினை மூலையில் தள்ளி, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டோம். பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். மூக்கில் குழாய். சன்னலை ஆணியடித்தே மூடிவிட்டேன். டாக்டர் இப்போது இடம் மாறச் சொல்வதில்லை. மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்ற பேச்சையும் எடுப்பதில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனாலும் அம்மாவுக்குக் காது கூர்மை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்துவிடுவாள்.

நேற்றும் அப்படித்தான். மாமா உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டு, முகம் கைகால் கழுவிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அவர் மணிக்கட்டைத் தொட்டாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"என்னடா... இன்னிக்கு... என்ன சமையல்?"

வேறு ஏதாவது சொல்லுங்களேன் என்று நான் அவரைப் பார்த்தேன். பெயின்ட்டுக் கூட்டு என்று சொல்லக்கூடாதா, மருந்துக் குழம்பு என்று சொல்லக்கூடாதா. அம்மாவும் சிரிக்கத் தயாராக உதட்டை வைத்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அக்காவிடம் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"அன்னிக்கு வச்சேனே அக்கா, அதேதான். இனிமே தினமும் அதேதான்."